இஎம்ஐ கணக்குக்கு நான்கு விடைகள்

பி.காம். வகுப்புக்கு நிதி மேலாண்மை எடுக்கிறேன். புத்தகக் கணக்குகளுக்கெல்லாம் சீனியர் நோட்டில் விடை இருக்கும். ஆளுக்கொரு கணக்கு கொடுக்க, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தேன்.

எண்களைக் குலுக்கிப் போடுவது சுலபம். மாணவரின் பதிவு எண்ணையே ரேண்டம் சீடாக, அதாவது குலுக்கல் தொடங்கும் எண்ணாகக் கொடுத்தால், எப்போது ஓட்டினாலும் அவருக்கு அதே கணக்குதான் வரும். எக்செல்லிலும் செய்யலாம்தான், ஆனால் அதில் எண்ணைக் குலுக்கித் தரும் ராண்ட்பிட்வீன் சூத்திரம் போட்டால் வேறு ஏதோ ஒரு செல்லில் கை வைத்தாலே எண் மாறிவிடும்.

நேரத்தைத் தின்றது தவறான விடைகள். நான்கு விடைகளில் மூன்றைச் சும்மா கூட்டிக் கழித்துப் போட்டால், கணக்குப் போடாமலே சரியானதை ஊகித்துவிடுவார்கள். அதனால் பழைய விடைத்தாள்களைப் புரட்டி, எங்கெங்கே வழுக்குகிறார்கள் என்று பார்த்தேன். 5 லட்சம் கடன், ஆண்டு வட்டி 9%, 60 மாதம் என்றால் இஎம்ஐ 10,379 ரூபாய். ஆண்டுத் தவணை கண்டுபிடித்து 12ஆல் வகுப்பவருக்கு 10,712 வரும். வட்டியை 12ஆல் வகுக்காமல் அப்படியே மாதத்துக்குப் போடுபவருக்கு 45,257. முழுக் கடனுக்கும் ஐந்து வருடமும் வட்டி போட்டால் 12,083. இந்தக் கடைசி ஆளைத் திட்ட மனம் வராது; ஃபிளாட் ரேட் என்று சொல்லி பைக் கடன் தருகிற இடங்களில் போடுவதும் இதே கணக்குதானே! எந்தத் தவறான விடையைத் தொட்டாலும், எந்தப் படியில் தடம் மாறியது என்று நிரல் சொல்லிவிடும்.

அடுத்து ஐஆர்ஆர், அதாவது வரவுகளின் இன்றைய மதிப்பை முதலீட்டுக்குச் சமமாக்கும் வட்டி விகிதம். அந்தக் கணக்கை முன்னாலிருந்து உருவாக்கினால் விகிதம் 13.847% என்றெல்லாம் வந்து நிற்கும். அதனால் பின்னாலிருந்து வந்தேன்: முதலில் 12% என்று வைத்துக்கொண்டு, வரவுகளாக 1,00,000, 1,50,000, 1,20,000 கொடுத்தால் முதலீடு 2,94,278 ரூபாய். எண் கரடுமுரடுதான், பரவாயில்லை. வரவுகளுக்கு நடுவிலோ பிறகோ இன்னொரு செலவு நுழையாமலும் தடுக்க வேண்டும். 1,000 போட்டு, அடுத்த வருடம் 2,300 வந்து, அதற்கடுத்த வருடம் 1,320 போனால் 10%, 20% இரண்டுமே விடை. முதல் பருவத்துக்கு அது வேண்டாம்.

அப்புறம், அட்டவணைப் பிரச்சினை. 10%, 5 வருட ஆன்யுட்டிக்கு (வருடா வருடம் வரும் ஒரே தொகைக்கு) இன்றைய மதிப்பு அட்டவணையில் 3.791 என்று இருக்கும். வருடம் 10 லட்சம் என்றால் அதன்படி விடை 37,91,000, நிரலுக்கு 37,90,787. நூற்றுக்கு 0.1 வரை வித்தியாசம் இருந்தாலும் முழு மதிப்பெண் போடச் சொல்லிவிட்டேன்.