குளம்பில் சிக்கிய கல்

பிரிட்டனில் 1929-இல் தொடங்கப்பட்ட, சிறுவர்களுக்குக் குதிரையேற்றமும் குதிரைப் பராமரிப்பும் கற்றுத்தரும் போனி கிளப்பின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்த என் மகளுக்கு, முதல் சில வாரங்கள் லாயத்தைக் கூட்டுவதிலும் வாளியில் தண்ணீர் நிரப்புவதிலுமே கழிந்தன. மூத்த பிள்ளைகளே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சென்ற சனிக்கிழமை 14 வயதுச் சிறுமி ஒருத்தி, மட்டக்குதிரையின் காலை மெல்லத் தடவி உயர்த்தி, குளம்பைச் சுத்தம் செய்யும் கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இழுக்க வேண்டும், நடுவிலுள்ள முக்கோண வடிவ மென்பகுதியைக் குத்திவிடக் கூடாது என்று காட்டியபோது, சேற்றோடு மொச்சைக்கொட்டை அளவுக் கல்லொன்று விழுந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் குதிரை நொண்டியிருக்கும்.

வசந்தகாலத்து இளம்புல்லில் சர்க்கரை மிகுதி. அளவின்றி மேய்ந்தால் குளம்புக்குள் அழற்சி உண்டாகும் என்பதால், பெற்றோர் முறைவைத்து மேய்ச்சலைக் கண்காணிக்கிறோம். செவ்வாய்க்கிழமை என் முறை.