டொமைனுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

நிலம் வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவார். அதே ஆள் இரண்டு லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய டாட் காம் பெயரை, அதாவது இணைய முகவரியாகும் டொமைனை, வாங்கும்போது, பெயர் மனதுக்குப் பிடித்துவிட்டது என்பதற்காகவே பணத்தை அனுப்பிவிடுகிறார். இரண்டாம் கையாக வாங்கும் பெயருக்கும் வில்லங்கம் உண்டு. அதைப் பார்க்க அரை நாள் போதும், செலவும் அநேகமாக இல்லை.

டொமைன் யாருக்கும் கிரயம் ஆவதில்லை, அது குத்தகைதான். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்துவது வெரிசைன். பெயரை நமக்குப் பதிந்து தரும் நிறுவனம் ரிஜிஸ்ட்ரார். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு வெரிசைன் ரிஜிஸ்ட்ராரிடம் வாங்கும் தொகை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. அதன்மேல் ரிஜிஸ்ட்ரார் தன் லாபத்தை வைக்கிறார். ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் கட்ட முடியும். விற்பவர் லட்சக்கணக்கில் கேட்பது, அந்தக் குத்தகையை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதற்கான விலை.

முதல் வேலை, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் தேடல் (லுக்கப்) பக்கத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பது. இந்தப் பதிவு விவரத் தேடலை முன்பு ஹூஇஸ் என்றார்கள்; 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்றவற்றுக்கு ஆர்டாப் என்ற முறைதான் அதிகாரபூர்வமானது. உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருக்கும், அதை விடுங்கள். பதிவான நாளைப் பாருங்கள். "பதினைந்து வருஷப் பழைய பெயர்" என்று விற்பவர் சொல்ல, பதிவான நாள் போன வருடத்தைக் காட்டினால், நடுவில் அது கைவிடப்பட்டு மறுபடி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அடுத்தது ஸ்டேட்டஸ் வரி. 'கிளையண்ட் டிரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிட்டட்' என்றிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அது சாதாரணப் பூட்டு. 'கிளையண்ட் ஹோல்ட்' என்றிருந்தால் நின்று கேளுங்கள்: பணம் கட்டாததாலோ, மின்னஞ்சல் சரிபார்க்காததாலோ, புகாராலோ பெயர் முடக்கப்பட்டிருக்கிறது.

பேசுகிறவர் உண்மையில் உரிமையாளர்தானா? நீங்கள் சொல்லும் எட்டு எழுத்தை அந்த டொமைனின் டிஎன்எஸ்-இல் (பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் பதிவுகளில்) ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டாக, அதாவது எழுத்துக் குறிப்பாக, போடச் சொல்லுங்கள். கட்டுப்பாடு கையில் இருப்பவருக்கு இரண்டு நிமிட வேலை. இது கட்டுப்பாட்டைத்தான் காட்டும், நியாயமான உரிமையைக் காட்டாது என்பதையும் மனதில் வையுங்கள். செக்ஸ் டாட் காம் என்ற பெயரை 1995-இல் ஒருவர் போலிக் கடிதம் கொடுத்துத் தன் வசமாக்கிக்கொண்டார். பல ஆண்டு வழக்குக்குப் பிறகே, அதை முதலில் பதிந்திருந்த கேரி கிரெமனுக்கு அது திரும்பியது. டொமைனும் ஒரு சொத்துதான் என்று 2003-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். திருட்டுப் பெயரை விவரம் தெரியாமல் வாங்கினாலும் பறிபோகலாம். அதனால் விலை சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால், பழைய புதுப்பித்தல் ரசீதுகளையும் கேளுங்கள்.

பிறகு பூர்வ கதை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பெயரின் பழைய பக்கங்களை ஆண்டுவாரியாகத் திறந்து பாருங்கள். நடுவில் ஓராண்டு சூதாட்டமோ போலி மருந்தோ விற்றிருந்தால், தேடுபொறிகளிலும் ஸ்பாம் பட்டியல்களிலும் அந்தக் கறை ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. குப்பை அஞ்சல் அனுப்பும் பெயர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியலில் இருக்கும் பெயரில் நிறுவன மின்னஞ்சல் தொடங்கினால், நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

வில்லங்கங்களில் பெரியது டிரேட்மார்க். 1999 முதல் நடைமுறையில் இருக்கும், டொமைன் தகராறுகளுக்கான ஐகானின் யுடிஆர்பி விதிப்படி புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் டிரேட்மார்க்கோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்தும் பயன்படுத்தியும் வருகிறார். டாட் இன் பெயர்களுக்கு, அவற்றின் பதிவேட்டை நடத்தும் நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி விதி இதைவிடக் கடுமை. அதில் மூன்றாவது அம்சத்துக்கு, பதிந்ததோ பயன்படுத்துவதோ, ஏதாவது ஒன்று கெட்ட நோக்கமாக இருந்தாலே போதும். தோற்றால் பெயர் போகும், நீங்கள் கொடுத்த விலையை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். விற்பவர்களுக்கும் ஒரு சொல்: பிரபல நிறுவனத்தின் பெயரைப் பதிந்துவிட்டு அந்த நிறுவனத்துக்கே "வாங்கிக்கொள்கிறீர்களா" என்று எழுதுவது, உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது.

விலையைப் பொறுத்தவரை, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். நேம்பயோ தளத்தில் பழைய விற்பனைகள் பதிவாகியிருக்கும். 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனதை எடுத்துக்காட்டி யாராவது பேரம் பேசினால், அது ஒற்றை ஆங்கிலச் சொல், உலகமே புழங்கும் சொல் என்று பதில் சொல்லுங்கள். டாட் காமுக்குப் பதில் வரும் புதிய பின்னொட்டுகளில் இன்னொரு கண்ணி உண்டு: சில பெயர்களைப் பதிவேடே 'பிரீமியம்' என்று குறித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் பெரிய தொகை கேட்கும். வாங்கும் முன் புதுப்பித்தல் விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பெயராக வைப்பவர்கள் ழகரத்தைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். 'மழை' என்று போனில் சொன்னால் ஒருவர் இசட்-எச் போட்டுத் தட்டுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். எல் போட்டால் அது 'மலை'யும் ஆகிவிடுகிறது. நெடிலுக்கு ஒரு ஏ-யா இரண்டு ஏ-யா என்ற சிக்கல் தனி. பத்து பேரிடம் வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மூன்று விதமாக எழுதினால், மூன்றையும் வாங்கும் செலவைக் கணக்கில் சேருங்கள், இல்லாவிட்டால் வேறு சொல்லைத் தேடுங்கள்.

இனி பணம் கைமாறும் இடம். சிறு தொகைக்குக்கூட எஸ்க்ரோ (பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் சேவை) இல்லாமல் செய்யாதீர்கள். வரிசை இதுதான்: விலை, கட்டணம் யார் தலையில், சரிபார்க்க எத்தனை நாள் என்று ஒப்புக்கொள்வது, வாங்குபவர் எஸ்க்ரோவுக்குப் பணம் கட்டுவது, பணம் வந்துவிட்டது என்று எஸ்க்ரோ சொன்ன பிறகே விற்பவர் பூட்டைத் திறந்து, பெயரை மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடான ஆத் கோட் கொடுப்பது, பெயர் உங்கள் கணக்குக்கு வந்ததை நீங்கள் உறுதிசெய்வது, அதன்பின் பணம் விற்பவருக்குப் போவது. எஸ்க்ரோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டித் திறக்க வேண்டும். எதிராளி அனுப்பும் லிங்க்கில் ஓர் எழுத்து மாறிய போலித் தளம் இருக்கலாம். விற்பவர்களைக் குறிவைக்கும் ஏமாற்று வேறு மாதிரி: "நல்ல விலை தருகிறேன், முதலில் இந்த இடத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்பார்கள். சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவர்களுக்கு வேண்டியது.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் 60 நாள் பூட்டு. புதிதாகப் பதிந்தாலோ ரிஜிஸ்ட்ரார் மாற்றினாலோ 60 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாமல் போகும். உரிமையாளர் விவரத்தைத் திருத்தினாலும் பல இடங்களில் அதே பூட்டு விழும். நல்லெண்ணத்தில் விற்பவர் முதலில் உரிமையாளர் விவரத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு மாற்ற முயன்று சிக்கிக்கொள்வார். இதற்கு எளிய வழி, விற்பவரின் ரிஜிஸ்ட்ராரிலேயே நீங்களும் ஒரு கணக்குத் திறந்து, உள்ளுக்குள்ளேயே 'புஷ்' செய்யச் சொல்வது. அது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். ரிஜிஸ்ட்ரார் மாற்றமோ ஐந்து நாள் வரை இழுக்கும்.

பெயர் வந்த பின், அதன் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றுகிறீர்கள். பாதிப் பேருக்குத் தளம் திறக்கிறது, பாதிப் பேருக்குத் திறக்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டாட் காமில் நேம்சர்வர் விவரம் இரண்டு நாள் வரை மற்ற சர்வர்களின் தற்காலிக நினைவகத்தில் தங்கும்; காத்திருந்தால் சரியாகும். மற்றது, பழைய உரிமையாளர் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும் முறை) போட்டிருந்து, அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் அவருடைய டிஎஸ் ரெக்கார்ட் அப்படியே கிடப்பது. கையொப்பம் பொருந்தாததால், அதைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் (முகவரியைத் தேடித் தரும் சர்வர்கள்) முகவரியைத் தராது. எத்தனை நாள் காத்திருந்தாலும் தீராது. ரிஜிஸ்ட்ரார் பக்கத்தில் அந்த டிஎஸ் ரெக்கார்டை முதலில் நீக்கி, ஒரு நாள் விட்டு, பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள்.

கடைசியாக, ரிஜிஸ்ட்ரார் கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக்கூடாது. பெயர் காலாவதியானால் அஞ்சலும் கூடவே நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம் யாருக்கும் வராது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே, ஹாட்மெயில் உள்நுழைவுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்கத் தவறி, ஹாட்மெயிலுக்குள் பலர் நுழைய முடியாமல் தவித்தார்கள். வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார். டாட் காமில் காலாவதிக்குப் பின் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை கிடைக்கலாம், அதற்குப் பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதன்பின் நீக்கத்தை யாராலும் தடுக்க முடியாத 5 நாள். ஆனால் பல ரிஜிஸ்ட்ரார்கள் அந்த 45 நாளுக்குள்ளேயே பெயரை ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். காலாவதி நாளைத் தவிர வேறு எந்த நாளையும் நம்பாமல், தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டு, கார்டின் காலாவதியையும் அதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.