எழுந்து போக முடிகிறவனிடம் மட்டும்

மிஷன் பள்ளியில் படித்தேன் என்று இங்கே கனடாவின் ஸ்கார்பரோவில் யாரிடமாவது சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ உங்களை மாத்தப் பாத்தாங்களா?" கேட்பவர் சைவரானாலும் சரி, நாத்திகரானாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. பள்ளிக்குள் இல்லை என்பதுதான் என் பதில். கேட்டைத் தாண்டினால் உண்டு, நிறையவே உண்டு. சென்னை வேப்பேரியில் வளர்ந்த பையனை யாராவது ஒருவர் எதற்காவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவனைத் தேடி வந்து, அவன் முகம் சுளிப்பான் என்று தெரிந்தும், என் சாமியிடம் வா என்று ஏன் கூப்பிட வேண்டும்? அந்த வயதிலேயே மனதில் விழுந்த கேள்வி இது. பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னார்கள். விளையாட்டு விழாவையும் கேன்டீன் சமோசாவையும் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் இதை எழுதுகிறேன்.

நம் வட்டாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1761-ல் பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கே இருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கிவந்து, கம்பெனிக்கு வேண்டியதையும் அச்சடித்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜெர்மன் பாதிரியார் பாப்ரிசியஸிடம் ஒப்படைத்தது இதே வேப்பேரியில்தான். அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி 1779-ல் இங்கேதான் அச்சானது. தன் கடவுளை இந்த ஊர்க்காரனிடம் அவன் பாஷையிலேயே சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு இல்லாமல் ஒரு ஜெர்மன்காரர் தமிழோடு அத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்க மாட்டார். அப்புறம் அதே வேப்பேரியில் பெரியார் திடல். கடவுள் இல்லை என்பதை அங்கே வருபவர்களும் தெருமுனையில் மைக் கட்டி, புத்தகம் விற்று, தெரியாதவனை நிறுத்திவைத்துத்தான் சொன்னார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கும் அதைப் பிறரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்று எனக்கு முதலில் புரிந்தது அந்தக் கூட்டங்களில்தான். இந்த இரண்டுக்கும் நடுவே வெள்ளை உடுத்திய சமணத் துறவிகள் வெறுங்காலோடு ஓரமாக நடந்து போவார்கள். அவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பள்ளிக்கு வருகிறேன். வாரத்தில் ஒரு பீரியட் கிறிஸ்தவப் பையன்கள் பைபிள் கிளாஸுக்குப் போவார்கள், மிச்சம் இருக்கும் நாங்கள் மாரல் கிளாஸ். எங்களுக்கு அதை எடுத்தவர் கணக்கு சார். பெயர் போடுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார், எண்பதுகளில் படித்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம் பண்ணுகிறவர், ஊழியத்துக்காகக் கிராமம் கிராமமாகப் போகிறவர், ஆத்தும ஆதாயம், அதாவது பிறரை இயேசுவிடம் கொண்டுவருவது, என்பதை முழுசாக நம்பியவர். அந்த மனிதர் எங்கள் வகுப்பில் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மேஜை டிராயரில் கறுப்பு அட்டை போட்ட பைபிள் இருக்கும், சாக்பீஸ் எடுக்கத் திறக்கும்போது கண்ணில் படும். ஓரங்களில் சாக்பீஸ் தூசி படிந்து அட்டையே வெளுத்துப்போயிருக்கும். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு டிராயரைச் சாத்திவிடுவார்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களில் ஒருவன், வீட்டில் அப்பாவோடு ஏதோ தகராறு, நேராக அவரிடம் போய் "சார், நான் கிறிஸ்டியன் ஆகணும்" என்றான். நாங்கள் சுற்றி நின்றோம். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தோம். "உங்கப்பா மேல கோவமா?" என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். "கோவம் தீரட்டும். படிச்சு முடி, வேலைக்குப் போ, உன் சம்பளத்துல நீ சாப்பிடு. அப்பவும் தோணுச்சுன்னா வா, ராத்திரி பூரா உக்காந்து பேசலாம்." அவ்வளவுதான். மறுபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

மிஷன் பள்ளிகளின் பழைய கதையைப் பின்னாளில் படித்தபோது சாரின் அந்தப் பதிலுக்கு ஒரு பரம்பரையே உண்டு என்று தெரிந்தது. ஸ்காட்லாந்து சபையின் ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னைக்கு வந்து நடத்திய பள்ளியில், 1841-ல் மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றதும் ஊரே கொதித்தது. பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். அதன் முதல்வராக 1907 வரை இருந்த வில்லியம் மில்லர், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று எண்ணுவது கல்லூரியின் வேலை இல்லை என்று தன் மிஷனோடே வாதாடினார். அதே மண்ணில்தான் இரண்டு மாதிரியும் நடந்திருக்கிறது.

வெளியே கூப்பிட்டவர்களில் எனக்கு மறக்காதவர் எழும்பூரில் ஏறும் ஒரு பெரியவர். அப்போது மீட்டர் கேஜ் மின்சார ரயில். பீச் போகும் வண்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சுவிசேஷக் கைப்பிரதிகளை எடுத்து நீட்டுவார். பெரும்பாலானவர்கள் வாங்க மாட்டார்கள், வாங்கியவர்கள் அதில் வேர்க்கடலைத் தோலைப் போட்டு மடிப்பார்கள். ஒருநாள் கூட்டமில்லாத பெட்டியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். காசிமேட்டுக்காரர். பல வருஷம் சாராயம். கட்டிய மனைவியின் தாலி உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்துக் குடித்தவர். துறைமுகத்துப் பக்கம் விழுந்து கிடந்த ஒரு ராத்திரியில் யாரோ ஒருவர், பெயர்கூடத் தெரியாது, தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாளிலிருந்து குடிக்கவில்லை. "அவரு என்னைத் தாண்டிப் போயிருந்தா நான் செத்திருப்பேன். நான் உங்களைத் தாண்டிப் போனா எப்படி?" என்று கேட்டார். சொல்லும்போது அவர் கை நடுங்கியது. மேடைப் பேச்சுக்காரரின் நடுக்கம் இல்லை அது.

உங்கள் தெருவில் இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அங்க எல்லாரும் பழசையே பாக்குறாங்க தம்பி" என்றார்.

எனக்குப் பாதி விடை அங்கே கிடைத்தது. தெரிந்தவனிடம் போவதைவிடத் தெரியாதவனிடம் போவது ஏன் சுலபம் என்றால், தெரிந்தவனுக்கு நம் பழைய கணக்கு தெரியும். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு இன்றைய ஆளை மட்டும்தான் தெரியும். அவனிடம் சாட்சி சொல்லும் ஒவ்வொரு தடவையும், தான் மாறிவிட்டோம் என்பதை அந்தப் பெரியவர் தனக்கே ஒருமுறை உறுதி செய்துகொண்டார். பிறரை மாற்றப் போகிறவர் தன் நம்பிக்கையையும் அந்தச் சொல்லிலேதான் காப்பாற்றிக்கொள்கிறார் என்பது என் எண்ணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மறுபடி குடிக்காமல் இருக்க ஒரு மனிதருக்கு அது உதவியது என்றால் நான் என் பத்து நிமிஷத்தைச் சந்தோஷமாகக் கொடுப்பேன்.

மீதிப் பாதி கட்டளை. மத்தேயு சுவிசேஷம் முடிவதே "நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்ற கட்டளையோடுதான். பவுல் இன்னும் ஒரு படி மேலே போய் "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்கிறார். எசேக்கியேலில் காவற்காரன் கதை வரும். பட்டயம் வருவதைப் பார்த்தும் எக்காளம் ஊதாமல் இருந்தால், செத்தவனின் இரத்தப்பழி காவற்காரன் கையில் கேட்கப்படும். இதை நிஜம் என்று நம்புகிற ஒருவர் பஸ் ஸ்டாண்டில் நம்மைப் பார்க்கும்போது என்ன பார்க்கிறார் என்று யோசியுங்கள். அவர் கண்ணுக்கு நாம் எரிகிற வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள். கதவைத் தட்டாமல் போனால்தான் அவர் மனசு உறுத்தும். நமக்கு அது தொந்தரவாக இருப்பது வேறு விஷயம்.

இஸ்லாத்திலும் தாவா உண்டு, ஞானத்தோடும் அழகிய உபதேசத்தோடும் அழைக்கச் சொல்கிறது குர்ஆன். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்றும் அதேதான் சொல்கிறது. பெரியமேட்டில் இருந்த என் நண்பனின் வாப்பா தப்லீக் ஜமாஅத்தோடு நாற்பது நாள் கிளம்பிப் போவார். இவர் யாரை மாற்றப் போகிறார் என்று கேட்டபோது நண்பன் சிரித்தான். அவர்கள் போவது தொழுகையை விட்டுவிட்ட முஸ்லிம்களிடம்தான், என் வீட்டுக் கதவை அல்ல, அவன் சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டத்தான்.

இது நம் வழக்கம் இல்லை, வெளியிலிருந்து வந்தது என்று சொல்கிற நண்பர்களுக்கு எங்கள் தமிழ் ஐயா சொன்ன கதைதான் என் பதில். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு தடவை நடந்து மந்திரம் பெற்றார் ராமானுஜர். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் நரகம் என்றார் குரு. கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறினால் போதும் என்றார். பவுலின் பதற்றமும் ராமானுஜரின் துணிச்சலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று எனக்குப் படுகிறது: கிடைத்ததை ஒளித்து வைத்துக்கொள்ள முடியாத மனசு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள், பெர்சிவல் பாதிரியாரோடு பைபிளைத் தமிழாக்க உழைத்தவர், 1847 கடைசியில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் ஆரம்பித்தார், பள்ளி தொடங்கினார், சென்னை தங்கசாலையில் அச்சகம் நடத்தினார். மிஷனரிகளின் எல்லாக் கருவிகளையும் சைவத்துக்குத் திருப்பிவிட்டார். மறுபக்கம், ராயபுரத்துப் பார்சிகள் இருக்கிறார்கள். 1910-ல் கட்டிய அக்னி கோயில் இன்றும் இருக்கிறது, யாரையும் கூப்பிடுவதில்லை, வெளியாள் விரும்பினாலும் சேர்ப்பதில்லை. கூப்பிடாத மதத்தில் தொந்தரவு இல்லைதான், ஆனால் அந்தக் கதவு எனக்குத் திறக்காது.

இவ்வளவு மதிப்போடு எழுதுகிற நான் கோபப்பட்ட ஒரு இடமும் உண்டு. என் அத்தை கடைசிக் காலத்தில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தார். பார்வையாளர் நேரத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து ஜெப எண்ணெய் தடவலாமா என்று கேட்டார்கள். கேட்டதோடு நிறுத்தவில்லை. வீட்டில் விக்கிரகம் வைத்துக் கும்பிட்டதால்தான் இந்த வியாதி, அதை வெளியே போட்டால் குணமாகும் என்றார்கள். அத்தைக்குக் கையில் டிரிப்ஸ், மூக்கில் குழாய், முகத்தைத் திருப்பக்கூட முடியாது. வாழ்நாள் முழுக்கக் கும்பிட்ட முருகனால்தான் சாகிறோமா என்ற பயத்தோடு அன்று ராத்திரி அழுதார். நான் அவர்களை வெளியே போகச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். எந்த மதத்துக்காரர் செய்தாலும் இது கொடுமை. ரயில் பெரியவரிடம் நான் பார்க் ஸ்டேஷனிலோ கோட்டை ஸ்டேஷனிலோ எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடலாம். படுக்கையில் இருப்பவர் எங்கே போவார்? வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதினாலு வயதுப் பையன் எங்கே போவான்? கணக்கு சார் டிராயரைச் சாத்தியதன் அர்த்தம் எனக்கு அந்த வார்டில்தான் முழுசாக விளங்கியது.

நம் அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதை நீக்கச் சொல்லி எதிர்ப்பு வந்தபோது, 'பரப்பும்' என்ற அந்தச் சொல் இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். பதினான்கு வருஷம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்தேன், என்னை மாற்ற யாரும் முயலவில்லை என்று சபையிலேயே சொன்னார். அதைப் படித்தபோது நம் பள்ளி ஆள் பேசுகிற மாதிரியே இருந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பலாம், ஆனால் பிறரை மாற்றுவது ஒரு உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் போனது. என்னைக் கேட்டால் சட்டத்தைவிட சாரின் அளவுகோல் கூர்மையானது.

ஓய்வு பெற்ற பிறகு அவரைப் புரசைவாக்கம் வீட்டில் பார்த்தேன். நான் அப்போது கனடாவில் வேலையில் இருந்தேன். எங்களிடம் ஏன் பேசவில்லை என்று நேராகவே கேட்டேன். "நீங்க எந்திரிச்சுப் போக முடியாதேப்பா. அட்டெண்டன்ஸ் என் கையில இருக்கே" என்றார். பிறகு அவர் தாத்தா கதையைச் சொன்னார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரி, கோயில் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம். "எங்க தாத்தாவை யாரும் மாத்தலப்பா. பக்கத்துல உக்காருன்னு சொன்ன இடத்துக்கு அவரா போனாரு. சோத்துக்கு மாறினான்னு பேசுறாங்க, அவருக்கும் மூளை இருந்துச்சுன்னு யாரும் நினைக்கிறதில்ல." 1898-ல் பௌத்தம் தழுவி ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்த அயோத்திதாசப் பண்டிதரையோ, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தரான அம்பேத்கரையோ யாரும் வந்து ஏமாற்றி மாற்றிவிடவில்லை. மாற்றியவர் யார் என்றே பேசிப்பேசி, மாறியவரின் முடிவை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று சார் வருத்தப்பட்டதை நான் அப்படியே ஏற்கிறேன்.

கிளம்பும்போது, இப்போது பேசலாமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பேசினோம். அவர் தன் விசுவாசத்தைச் சொன்னார், நான் என் முருகனைச் சொன்னேன், காபி ஆறிப்போய் இரண்டாம் தடவை வந்தது. நான் மாறவில்லை, அவரும் என்னைக் குறைத்து நினைக்கவில்லை. எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார், ஜெபித்தார் என்றும் தெரியும்.

அந்த பீரியடில் பைபிள் கிளாஸுக்குப் போன நண்பர்களும் இந்த மலரைப் படிப்பார்கள். உங்களுக்கு அந்த அறையில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எங்களைப் பற்றி ஏதாவது சொன்னார்களா, எங்களிடம் பேச வேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதா? அடுத்த மலரில் எழுதுங்கள்.