மருமகனுக்கு ஐ9 வேணுமாம்

ஏ.எல். சோதனை முடிந்த கையோடு மருமகன் ஒரு விலைப்பட்டியலோடு வந்து நிற்கிறான். "மாமா, கேம் விளையாட இந்தக் கொம்பியூட்டர் சரிவருமோ?" டவுனில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்ததாம். புரோசசர் இன்டெல்லின் உயர்ரகமான கோர் ஐ9. கிராஃபிக்ஸ் கார்ட்? 4 ஜீபீ நினைவகத்தோடு ஏதோ பழையது. மாட்டு வண்டிலுக்கு லொறி எஞ்சின் பூட்டின கதைதான்.

கேமில் படத்தை வரைவது கார்ட்; என்ன வரையவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது புரோசசர். அவனிடம் இருப்பது 1080பி, அதாவது சாதாரண ஃபுல் எச்டி மொனிற்றர். அதற்கு 6 கோர் (கணக்குப் போடும் பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்) உள்ள ஏஎம்டியின் ரைசன் 5 7600 புரோசசர் தாராளம். மிச்சக் காசைக் கார்ட் பக்கம் திருப்பச் சொன்னேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டைவிட 4060 வேகம் கூட, ஆனால் நினைவகம் 8 ஜீபீதான். 3060 இல் 12 ஜீபீ வருவதும் உண்டு. இப்போதைய சில கேம்கள் 8 ஜீபீயை லேசாக நிரப்பிவிடும். எதை எடுப்பது என்பதில் இன்னும் இழுபறி.

இன்னொன்று, இன்டெல் புரோசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. கார்ட் பழுதானால் திரை கறுப்புத்தான். ரைசன் 7600 இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் அந்தப் பயம் இல்லை.

கேஸில் கலர் லைட் மட்டும் கட்டாயம் வேண்டுமாம். சரி, அது அவன்பாடு. பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.