22 வருடம்

மார்ச் 3, 2025
இன்றும் ராஜினாமா கடிதத்தைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்துவிட்டது.

மார்ச் 4
விடியற்காலையில் மத்திய சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தேன், சிங்கப்பூரில் ஓய்வுக்காலத்துக்கென்று சேரும் பணம். யூனியனை விட்டாலும் வேலையை விட்டாலும் அது என் பணம், வட்டியும் ஏறும். சரி. ஆனால் மாதாமாதம் முதலாளி போடும் 17 விழுக்காடு? செயலியில் வண்டி ஓட்டினால், 1995க்கு முன் பிறந்தவர்கள் விருப்பப்பட்டால் சேமநிதிப் பங்களிப்பில் சேரலாமாம். சேர்ந்தால் விலக முடியாது. நிறுவனத்தின் பங்கோ ஐந்து வருடத்தில் படிப்படியாகத்தான் ஏறும். எனக்கு ஐந்து வருடம் காத்திருக்கும் வயதா?

மார்ச் 7
நோன்பு மாதம், கேன்டீன் பாதி காலி. யூனியன் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, அவசரப்படாதீங்க. அவங்களா அனுப்பினா ஆட்குறைப்புத் தொகை உண்டு. நீங்களா எழுதிக் கொடுத்தா ஒன்னும் கிடையாது."

வருடத்துக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் என்பதுதான் வழக்கம். குறைந்தபட்சம் பார்த்தாலும் 22 வருடத்துக்கு 44 வாரம். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மத்தியானம் முழுக்க வேலை செய்தேன்.

மார்ச் 8
44 வாரம்.

மார்ச் 12
முட்டி வீங்கியிருக்கிறது. மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே, "பணத்த எண்ணிக்கிட்டு இருக்கீங்க, கால எண்ணுங்க. ரெண்டுதான் இருக்கு" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. படியேறும்போது அவள் பார்த்துவிடக் கூடாது என்று கம்பியைப் பிடிக்காமல்தான் ஏறுகிறேன். அவளுக்கு எப்படித் தெரிகிறதோ.

மார்ச் 18
ஏப்ரலில் எனக்கு 55 வயது. அப்போது சேமநிதியில் ஒதுக்கி வைக்க வேண்டிய முழு ஓய்வுக்காலத் தொகை 213,000 வெள்ளி. வீட்டை ஈடாகக் காட்டினால் 106,500 ஒதுக்கினால் போதும். ஆனால் மாதாமாதம் கைக்கு வருவது 65இல்தான். நடுவில் பத்து வருடம். இருந்தாலும் 55 தாண்டுவதால் மே மாதத்திலிருந்து முதலாளி பங்கு 15.5 ஆகிவிடும். இத்தனை நாள் தூக்கம் கெடுத்த 17 எப்படியும் போகத்தான் போகிறது.

அப்போ 44 வாரம்தான் கணக்கு.

மார்ச் 20
மூன்று மணிக்கே விழித்துவிட்டேன். முட்டி.

மார்ச் 21
திங்கட்கிழமை ஆட்குறைப்புப் பட்டியல் வருகிறதாம். யார் பெயர் என்று யூனியன் தம்பிக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக என் பெயர் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டேன்.