பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

எஞ்சினைக் குறுக்குவாட்டில் பொருத்திய வி6 (வி வடிவில் இரு வரிசைகளாக ஆறு சிலிண்டர்கள் கொண்ட) கார்களில், பானெட்டைத் திறந்தவுடன் ஆறு ஸ்பார்க் பிளக்குகளுள் முன்வரிசை மூன்றின் காயில்கள் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகங்கள்) மட்டுமே கைக்கு எட்டும். மற்ற மூன்றும் எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரை ஒட்டி, இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) மேற்பாகத்துக்கு அடியில் இருக்கும். என் காரும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இதற்கு முன் வீட்டில் ஆயில், பிரேக் பேட், ஏர் ஃபில்டர் போன்றவற்றை மாற்றிப் பழகியிருந்தாலும், மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய வேலையில் இறங்கியது இதுவே முதல் தடவை. அதனால் செய்தவற்றை வரிசையாகவும், ஒவ்வொன்றையும் ஏன் அப்படிச் செய்தேன் என்ற காரணத்தோடும் எழுதி வைக்கிறேன்.

வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் தெரிந்தது. மேட்டில் ஏறும்போது, குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இழுவை இடையிடையே வெட்டியது. ஸ்கேனரை இணைத்துப் பார்த்தபோது, பின்வரிசையைச் சேர்ந்த ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாகப் பற்றாமல் போவது) நிகழ்வதாகக் குறியீடு வந்தது. பி0301 என்பதிலிருந்து தொடங்கும் இந்தக் குறியீடுகளின் கடைசி இலக்கம் சிலிண்டரின் எண்ணைக் குறிக்கிறது. ஆனால் எந்த எண் எந்த வரிசையில் இருக்கிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால், சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. பளு கூடும்போது மட்டும் இந்தக் குறை பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) அகலத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று நிறைந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. தேய்ந்து அகன்றுபோன இடைவெளி அந்தத் தேவையை இன்னும் உயர்த்துகிறது. காயிலால் அதைக் கொடுக்க முடியாத சுற்றில் பொறி விழுவதில்லை, அல்லது காயிலையும் பிளக்கையும் இணைக்கும் ரப்பர் உறையின் வழியே வேறு பாதையில் கசிந்துவிடுகிறது.

பின்வரிசையை அணுக இரண்டு வழிகளைப் பலரும் சொல்வார்கள். மேனிஃபோல்டைக் கழற்றாமல், யூனிவர்சல் ஜாயின்டையும் சிறிய எக்ஸ்டென்ஷன்களையும் கோத்து, கையைப் பின்பக்கமாக நுழைத்துத் தடவித் தடவிக் கழற்றுவது முதல் வழி. சில எஞ்சின்களில் அது நடக்கவும் செய்யும். ஆயினும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய பிளக்கைக் கண்ணால் பார்க்காமல் வெளியே எடுத்துவிடலாம். புதிய பிளக்கை அலுமினிய ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல் அமரும் பாகம்) மரையில் கோணலில்லாமல் ஏற்றுவதுதான் கடினம். அந்த மரை கெட்டுவிட்டால், மீண்டும் மரை வெட்டி உலோகச் சுருள் பதிக்க வேண்டும், இல்லையெனில் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். மேனிஃபோல்டின் மேற்பாகத்தைக் கழற்றுவது இரண்டாவது வழி. அதற்கு நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் அதன் ஒவ்வொரு படியும் கண்முன்னே நடக்கிறது. ஆகவே, வழியைத் திறந்துகொண்டு வேலை செய்வதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சின் முழுமையாகக் குளிரும்வரை காத்திருந்தேன். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை சேதமடைய வாய்ப்பு அதிகம். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். 10 மி.மீ., 12 மி.மீ. சாக்கெட்டுகள், உள்ளே காந்தம் பதித்த 16 மி.மீ. பிளக் சாக்கெட், வெவ்வேறு நீளமுள்ள எக்ஸ்டென்ஷன்கள், இறுக்கும் விசையின் சிறிய அளவுகளையும் காட்டும் டார்க் ரெஞ்ச், புதிய மேனிஃபோல்ட் கேஸ்கெட் (இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைப்பது) ஆகியவற்றைத் தொடங்குவதற்கு முன்பே சேகரித்து வைத்தேன். ரப்பர் பதித்த பிளக் சாக்கெட்டும் கிடைக்கிறது. ஆனால் ஆழமான குழிக்குள் அந்த ரப்பர் பிளக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, எக்ஸ்டென்ஷனை இழுக்கும்போது சாக்கெட் மட்டும் உள்ளே தங்கிவிடக்கூடும் என்பதால் காந்தத்தையே விரும்பினேன். அப்படியும் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் சேருமிடத்தில் இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டேன்.

இந்த வேலையின் பெரும்பகுதி பிளக்கைத் தொடுவதற்கு முன்பே நடக்கிறது. முதலில் எஞ்சினின் மேல்மூடியையும், ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்கு வரும் குழாயையும் எடுத்தேன். எதையும் அவிழ்ப்பதற்கு முன் பல கோணங்களில் படம் எடுத்து, ஒவ்வொரு வேக்யூம் ஹோஸுக்கும் அது செருகப்படும் முனைக்கும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டினேன். பழைய ரப்பர் ஹோஸ்களை நேராக இழுத்தால் கிழியும். முதலில் மெல்லச் சுழற்றி ஒட்டுதலை விடுவித்துவிட்டு, அதன்பின் உருவ வேண்டும். த்ராட்டில் பாடிக்குள் கூலன்ட் ஓடும் இரண்டு சிறு குழாய்கள் இருந்தன. அவற்றை அவிழ்த்தால் கூலன்ட் சிந்தும், பிறகு காற்றை வெளியேற்ற வேண்டிய வேலையும் சேரும். ஆதலால் த்ராட்டில் பாடியை மேனிஃபோல்டிலிருந்து மட்டும் பிரித்து, குழாய்களோடு ஓரமாகச் சாய்த்துக் கட்டி வைத்தேன். மின்மோட்டாரால் இயங்கும் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளித் திறக்கக் கூடாது என்பதால், அதைச் சுத்தம் செய்யும் எண்ணத்தை அன்று ஒதுக்கிவிட்டேன்.

மேனிஃபோல்டின் மேலே தெரியும் போல்ட்டுகள் எளிதாகவே வந்தன. அதைப் பின்பக்கத்தில் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டுகள்தான் சோதித்தன. அவற்றின் போல்ட்டுகள் தகட்டுச் சுவரை நோக்கி இருந்ததால் ராட்செட்டின் கைப்பிடிக்கு அசைய இடமில்லை. சிறிய கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்து, விளக்கை அதன்மேல் பாய்ச்சி, போல்ட்டின் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, குட்டை ராட்செட்டால் ஒவ்வொரு பல்லாக நகர்த்தினேன். இங்கே பொறுமை தவறினால் போல்ட்டின் தலை உருண்டுவிடும். எல்லாப் போல்ட்டுகளும் வந்தபின்னும் மேனிஃபோல்ட் அசையாவிட்டால் நெம்பக் கூடாது. ஏதோ ஒரு கனெக்டரோ கிளிப்போ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். என் வண்டியில் வயர் கட்டு ஒன்றைத் தாங்கிய பிளாஸ்டிக் கிளிப் அடிப்பக்கத்தில் மாட்டியிருந்தது.

மேற்பாகத்தைத் தூக்கியதும் கீழ்ப்பாகத்தின் ஆறு துவாரங்களும் திறந்த நிலையில் தெரிந்தன. அவை நேராக இன்டேக் வால்வுகளுக்குச் செல்பவை. ஒரு சிறிய வாஷர் உள்ளே விழுந்தால்கூட எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நிலை வரும். நூல் பிரியாத சுத்தமான துணியால் அவற்றை அடைத்து, அதன்மேல் அகலமான டேப்பை ஒட்டிய பிறகே அடுத்த வேலையைத் தொட்டேன்.

காயில்களின் கனெக்டர்களில் உள்ள பிளாஸ்டிக் கொண்டிகள் பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும். கொண்டியை அழுத்துவதற்கு முன் கனெக்டரை உள்நோக்கிச் சிறிது தள்ளினால் பிடி தளர்ந்து, மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விடுபடுகிறது. காயிலையும் இடவலமாகத் திருப்பி, ரப்பர் உறை பிளக்கிலிருந்து விடுபட்டதை உணர்ந்த பின்னரே மேலே இழுத்தேன். குழிகளுக்குள் மணலும் தூசியும் படிந்திருந்தன. அழுத்தக் காற்றால் ஊதி, பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடியும் ஊதிய பிறகே முழுவதுமாகக் கழற்றினேன். இரண்டாவது ஊதல் தேவையற்றது என்று தோன்றலாம். ஆனால் பிளக்கின் அறுகோணத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் துகள்கள் அது அசைந்தபின்தான் வெளிவருகின்றன.

ஒரு பிளக் அரைச் சுற்றுக்குப் பிறகு இறுகியது. அந்த நிலையில் பலத்தைக் கூட்டினால் அலுமினிய மரை பிளக்கோடு சேர்ந்து உரிந்து வரும். துருநீக்கி எண்ணெயைச் சிறிது விட்டு, ஊறவைத்து, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று மாற்றி மாற்றித் திருகினேன். மரையில் படிந்திருந்த கரி பொடிந்ததும் மிச்சத்தைக் கையாலேயே சுழற்றி எடுக்க முடிந்தது.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் எண்ணின் வரிசையில் அட்டையில் குத்தி வைத்துப் பார்த்தபோது, பலநாள் சந்தேகம் தெளிந்தது. இந்தக் காரை வாங்கியபோது ஆறு பிளக்குகளும் மாற்றப்பட்டதாகவே என்னிடம் சொல்லியிருந்தார்கள். முன்வரிசை மூன்றும் அண்மைக்கால இரிடியம் பிளக்குகள். பின்வரிசை மூன்றும் வேறு தயாரிப்பு, அவற்றின் எலக்ட்ரோடுகள் முனை மழுங்கித் தேய்ந்திருந்தன. 1.1 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி அவற்றில் 1.4 மி.மீ.யைத் தாண்டியிருந்தது. எட்டாத இடத்தில் இருப்பதால் பின்வரிசையை விட்டுவிடும் பழக்கம் பரவலாக உண்டு; பழைய காரை வாங்குவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இன்சுலேட்டரின் மூக்கு எல்லாவற்றிலும் வெளிர்பழுப்பு நிறத்தில் இருந்தது. கருங்கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதியையும், ஈரமான எண்ணெய்ப் படிவு இருந்தால் ஆயில் கசிவையும், வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிவெப்பத்தையும் ஐயுற்றிருப்பேன். வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தில், உலோக உடலை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்த தடம் என்று பலர் அதைக் கருதிவிடுகிறார்கள். உண்மையில் அது உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படிய வைத்த கொரோனா கறை. பிளக்கின் செயலுக்கு அதனால் தீங்கில்லை.

புதியவற்றைக் கையேடு குறிப்பிட்ட அதே எண்ணில் வாங்கியிருந்தேன். மரையின் நீளமும் வெப்பத் தரமும் (பிளக் வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் திறன்) பொருந்தாத பிளக், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எஞ்சினைக் கெடுக்கும். இடைவெளியைக் கம்பி வடிவ கேஜால், மைய முனையில் அழுத்தம் படாமல் சரிபார்த்தேன். இரிடியம் முனை 0.4 அல்லது 0.6 மி.மீ. அளவே தடிமன் கொண்டது, எளிதில் முறியக்கூடியது. நாணய வடிவ கேஜை உள்ளே நெருக்கி இழுப்பது அதற்கு ஆகாது. மரையில் முலாம் பூசிய பிளக்குகளுக்கு ஆன்ட்டி-சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை) தேவையில்லை. அதைத் தடவினால் உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்ச் காட்டும் அதே அளவிலேயே பிளக் மிகையாக இறுகிவிடும் என்பதால் உலர்ந்த மரையாகவே விட்டேன்.

ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸின் முனையில் பிளக்கைச் செருகிக் குழிக்குள் இறக்கினேன். முதலில் இடப்பக்கமாகச் சுழற்ற, மரையின் தொடக்கம் மெல்லிய ஒரு தட்டலாக விரலில் உணரப்படும். அதன்பின் வலப்பக்கம் திருப்பினேன். மரை கோணலாகப் பிடித்தால் பிளக் நகராமல் ஹோஸ் வழுக்கிவிடும் என்பதே இம்முறையின் சிறப்பு. பிளக் இருக்கையைத் தொடும்வரை ஹோஸாலேயே திருகி, பிறகுதான் ரெஞ்சை எடுத்தேன். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மி.மீ. மரைப் பிளக்குக்கு வழக்கமான அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு அது 15 முதல் 20 வரையே. டார்க் ரெஞ்ச் நுழையாத இடத்தில், புதிய 14 மி.மீ. பிளக்கைக் கையால் இறுகியபின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பும் முறை உண்டு. வாஷர் இல்லாத கூம்பு இருக்கைப் பிளக்குக்கு அது பதினாறில் ஒரு சுற்றே என்பதால், வகை தெரியாமல் பின்பற்றக் கூடாது.

ரப்பர் உறைகளின் உட்புறத்தில் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவிக் காயில்களை அமர்த்தினேன். துணிகளை எண்ணி எடுத்து, கேஸ்கெட் அமரும் பரப்புகளைத் துடைத்து, புதிய கேஸ்கெட்டுடன் மேனிஃபோல்டை இறக்கினேன். எல்லாப் போல்ட்டுகளையும் கையால் தொடங்கிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக இரண்டு கட்டங்களில் கையேட்டின் அளவுக்கு இறுக்கினேன்.

பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங் சிறிது நேரம் ஏறி இறங்கியது. கணினி த்ராட்டிலின் நிலையை மீண்டும் கற்றுக்கொள்ளும்வரை அது இயல்பு. தொடர்ந்து நீடித்தால் மட்டும் கேஸ்கெட்டிலோ ஹோஸிலோ காற்றுக் கசிவைத் தேட வேண்டும். எந்தச் சீறலும் கேட்கவில்லை. மேட்டில் அதே ஆர்பிஎம்மில் அழுத்திப் பார்த்தேன். இழுவை ஓரிடத்திலும் வெட்டவில்லை. அழித்த மிஸ்ஃபயர் குறியீடும் திரும்ப வரவில்லை.

பின்வரிசையின் ஒரு குழியில் மட்டும் அடியில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் தேங்கியிருந்தது. அது வால்வ் கவரில் (ஹெட்டின் மேல்மூடி) பிளக் குழியைச் சுற்றியுள்ள குழாய் சீலின் கசிவு. விட்டுவைத்தால் காயிலின் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். இப்போதைக்குத் துடைத்து எடுத்திருக்கிறேன். அடுத்து, வால்வ் கவர் கேஸ்கெட்டையும் சீல்களையும் சேர்த்து மாற்ற இருக்கிறேன். அதற்கும் இதே மேற்பாகத்தைக் கழற்ற வேண்டும் என்பதால் டேப்பில் எழுதிய எண்களை ஹோஸ்களிலேயே விட்டுவைத்துள்ளேன்.