ஷாங்காய்: கப்பல் நின்ற இடம் வேறு, நகரம் வேறு

எங்கள் சொகுசுக் கப்பலின் பயண அட்டவணையில் ‘ஷாங்காய்’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் பெரிய கப்பல்கள் அணையும் வூசோங்கோ முனையம், ஹுவாங்பு ஆறு யாங்சியோடு கலக்கும் இடத்தருகே, நகர மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இந்தத் தூரத்தை வைத்துத்தான் எல்லோரும் பணம் பண்ணுகிறார்கள். கப்பல் நிறுவனம் பேருந்துச் சுற்றுலாவுக்குத் தலைக்கு 90 டாலர் கேட்டது. ஐந்து பேருக்கு அந்தத் தொகையைக் கணக்கிட்டதுமே என் கணவர் பட்டியலை மூடி வைத்துவிட்டார். முனையத்தின் வாசலில் நின்ற டாக்சிக்காரர் ஒருவர் மீட்டரைப் பற்றிய பேச்சையே எடுக்காமல், கைப்பேசியில் 400 யுவான் (சீன நாணயம்) என்று தட்டிக் காட்டினார்; நாங்கள் திரும்பி நடக்கத் தொடங்கியதும் அது 350 ஆயிற்று, பிறகு 300 ஆயிற்று. அவரிடம் பேரம் பேசுவதைவிடப் பேருந்தில் பாவ்யாங் சாலை நிலையத்துக்குச் சென்று மூன்றாம் வழித்தட மெட்ரோவைப் பிடிப்பது எவ்வளவோ மேல். ஹொங்கோ கால்பந்து அரங்கில் எட்டாம் வழித்தடத்துக்கு மாறினால் மக்கள் சதுக்கம் வந்துவிடுகிறது. ஆளுக்கு ஐந்தாறு யுவான்தான் செலவு.

அன்று சனிக்கிழமை என்பது எங்கள் அதிர்ஷ்டம். சதுக்கத்தை ஒட்டிய மக்கள் பூங்காவில் வார இறுதிகளில் கூடும் திருமணச் சந்தையைப் பற்றிப் படித்திருந்தாலும், நேரில் பார்க்கும்போது அது தரும் வியப்பே தனி. விரித்த குடைகளைத் தரையில் வைத்து, அவற்றின் மேல் மகனின் அல்லது மகளின் வயது, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு உண்டா என்பதையெல்லாம் எழுதிய தாள்களைக் குத்திவிட்டுப் பெற்றோர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். எழுத்து ஒன்றும் புரியாவிட்டாலும் என் மாமியார் எண்களை மட்டும் பார்த்து, “இது உயரம், இது சம்பளம்” என்று எங்களுக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். அவரை அங்கிருந்து கிளப்புவதற்குள் நண்பகல் நெருங்கிவிட்டது.

அவர் சுத்த சைவம். சைவம் என்று நினைத்து வாங்கும் நூடுல்ஸில்கூட உலர் இறால் கிடக்கும் ஊரில் அவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்ற கவலை பயணம் புறப்பட்ட நாளிலிருந்தே எனக்கு இருந்தது. மேற்கு நாஞ்சிங் சாலையில், 1922-இல் தொடங்கப்பட்ட கோங்தேலின் என்ற பௌத்த சைவ உணவகம் அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் மசித்து நண்டுக்கறி போலவே செய்திருந்தார்கள். சோயாத் தோலை அடுக்கிச் செய்த ‘வாத்து’ இனிப்பும் உப்புமாக நாவில் கரைந்தது. மாமியார் முதலில் அதைத் தொடவே மறுத்தார். பிறகு இரண்டாவது தட்டு வரவழைக்க வேண்டியதாயிற்று. இந்தப் பயணத்தில், கப்பலின் விருந்து மேசைகளையும் சேர்த்து, நாங்கள் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு இதுதான்.

கிழக்கு நாஞ்சிங் சாலையின் நடைபாதைப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைகளும் கூட்டமும் எந்தப் பெருநகரத்திலும் உண்டு. படம் எடுத்துத் தரச் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்த அழைக்கும் இளம்பெண்களோடு மட்டும் போகக் கூடாது. தேநீருக்கு ஆயிரக்கணக்கில் பில் போடும் மோசடி அது. பணத்தைப் பொறுத்தவரை, அலிபே என்ற கைப்பேசிப் பணச் செயலியில் நம் கடன் அட்டையை முன்கூட்டியே இணைத்துக்கொண்டால் கடைகளில் கியூஆர் கோடு போதும்.

சாலை முடியும் இடத்தில் ஹுவாங்பு ஆறும் ‘பண்டு’ என்னும் அதன் பழைய கரையோரச் சாலையும் கண்ணுக்கு முன்னே விரியும்போது, அதுவரை நடந்த களைப்பு உண்மையிலேயே போய்விடுகிறது. 1927-இல் கட்டிய சுங்க மாளிகையின் மணிக்கூண்டு, 1923-இன் ஹாங்காங் ஷாங்காய் வங்கிக் கட்டடம், பச்சைக் கூம்புக் கூரையுடன் 1929-இல் எழுந்த பீஸ் ஹோட்டல் என்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் மாளிகைகள் நிற்கின்றன. அந்த ஹோட்டலைக் கட்டிய விக்டர் சசூனின் குடும்பம், பம்பாயிலிருந்து சீனாவுக்கு இந்திய அபின் அனுப்பிப் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பம். அழகைக் கண்டு வாய் பிளந்து நின்ற எனக்கு, இந்தியாவின் அபின் விவசாயிகளும் இந்தக் கற்களுக்கு விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் கொஞ்சம் கசந்தது.

யூ தோட்டத்தைச் சுற்றியுள்ள கடைத்தெருவை ஒரு சுற்று மட்டும் சுற்றினோம். 1559-இல் பான் யுன்துவான் என்ற மிங் அரச மரபுக் காலத்து அதிகாரி தன் பெற்றோருக்காக அமைக்கத் தொடங்கிய தோட்டம் அது. அதைச் சூழ்ந்த கடைகளில் விற்பதோ, பாதி விலைக்கு வேறெங்கும் கிடைக்கும் விசிறிகள்.

ஆற்றைக் கடக்கத்தான் நான் பரிந்துரைக்கும் வழி இருக்கிறது. பண்டிலிருந்து ஆற்றுக்கு அடியில் செல்லும் சுற்றுலாச் சுரங்கத்தில் வண்ண விளக்குகளைக் காட்டி ஏறக்குறைய ஐம்பது யுவான் வாங்குகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மின்சார ஸ்கூட்டர்களுடன் ஏறும் சாதாரணப் படகுக்கு இரண்டே யுவான்; காற்று, இரு கரைகள், எதிரே 632 மீட்டர் உயர ஷாங்காய் கோபுரம் எல்லாம் அதில் அடக்கம். கோபுரத்தின் மேல்தளத்துக்கு ஏற ஆளுக்கு 180 யுவான் என்றதும், கீழிருந்து பார்த்தாலே போதும் என்று நான் முடிவு செய்தேன். மகன் இன்னும் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

கப்பலேறும் முன் பாதுகாப்புச் சோதனை வரிசை மிக நீளமாக இருக்கும் என்பதால், கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பாவது பாவ்யாங் சாலையில் இறங்கிவிட வேண்டும். பண்டின் விளக்குகளை ஏற்றுவது இருட்டிய பிறகுதான். மாலையிலேயே நங்கூரம் தூக்கும் கப்பலில் சீட்டு எடுத்தால் அந்தக் காட்சி கிடைக்காது, ஆகவே பணம் கட்டும் முன் புறப்படும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.